எல்லப்பன் வேண்டாம்

பஸ் நகர்ந்துவிட்டது.

வெங்கடராகவன் ஓடினான். ஒரு கையால் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிப் பின்பக்கக் கம்பியை எட்டிப் பிடித்தான். கால் படியில் படவில்லை. கண்டக்டர் அவன் சட்டைக் காலரைப் பற்றி மூட்டையை இழுப்பதுபோல் உள்ளே இழுத்துப் போட்டார்.

"இன்னா அண்ணாத்த, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா, போறேன்னு?"

"மகாபலிபுரம் ஒண்ணு."

"கடலு அங்கியேதான் கீது. அடுத்த பஸ்ல போனா ஓடிப் பூடுமா?"

"அடுத்த பஸ் ஆகாது," என்றான் வெங்கடராகவன், மூச்சு வாங்க.

மறுநாள் காலையில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் மகாபலிபுரத்தில் ஒரு மனிதனைத் தேடிப் பிடித்துச் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம் நடக்காது.

அந்த மனிதன் மாப்பிள்ளை இல்லை. புரோகிதரும் இல்லை. போட்டோ எடுக்கிறவன்.

*

வினை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது.

சத்திரத்து வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எல்லப்பன் கூடத்தைப் பார்வையிட வந்திருந்தார். செங்கல்பட்டில் கல்யாணம் என்றால் எல்லப்பன்தான். பஜாரில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டூடியோ, மணமேடைக்கு ஏறும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு, பளிச்சென்று எரிந்து அணையும் பல்பு வைத்த காமிரா. அவர் எடுத்த படம் மாட்டாத வீடு டவுனில் இல்லை. தாலுகா ஆபீசில் வெங்கடராகவனோடு வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் அத்தனை பேர் வீட்டிலும் அவர்தான் எடுத்திருந்தார்.

உள்ளிருந்து பெருந்தேவி வந்தாள். மருதாணிக் கையைக் காற்றில் பிடித்தபடி வந்தவள், எல்லப்பனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எல்லப்பன் அவளைப் பார்த்தார். உடனே அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"அண்ணா, கொஞ்சம் இப்படி வா."

தூண் மறைவுக்குப் போனார்கள்.

"நான் ஞானதாஸ்னு சொன்னேன். தையிலேயே சொன்னேன்."

"சொன்னே. மகாபலிபுரத்துல பாறைக்கு முன்னாடி ஜனங்களை நிறுத்திப் படம் எடுக்கறவன். அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாளா யாராவது? அதான் நல்ல ஆளா நானே ஏற்பாடு பண்ணிட்டேன்."

"எல்லப்பன் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்."

"பெருந்தேவி, இது விளையாடற நேரமா? சாயந்தரம் சம்பந்தி வந்து இறங்கப் போறா."

"ஞானதாஸ் வரலைன்னா நான் மணையில உட்கார மாட்டேன்."

குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை அடக்கி ஆள்கிறவள் அவள். பிரம்பைத் தொடமாட்டாள். இதே குரலில் ஒருதரம் சொல்வாள், அவ்வளவுதான்.

அவன் நேரே எல்லப்பனிடம் போனான். என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். எல்லப்பனே முந்திக்கொண்டார்.

"சார், மணப்பொண்ணு உங்க தங்கச்சியா? தெரிஞ்சிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். அது இன்னும் அத்தயே நெனச்சுகினு கீதா?"

"எதை?"

"வாணாம் சார். கல்யாணம் நடக்கிற எடத்துல அந்தப் பேச்சை என் வாயால சொல்ல மாட்டேன். எனக்குத் தொழில் முக்கியம்." கோட்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்த மகாபலிபுரத்து ஆளு ஒத்துகினானாமே. அவனையே வச்சுக்குங்க. நான் வரேன்."

எல்லப்பன் படியிறங்கிப் போனார்.

சொல்லக்கூடாத பேச்சு. அதற்கு ஒத்துக்கொண்ட ஒருத்தன். அவன் வராவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்கிற பெண். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எந்த அண்ணனுக்கும் ஒரே அர்த்தம்தான் தோன்றும்.

அம்மாவைத் தேடிப் போனான். ரங்கநாயகி சத்திரத்தின் பின்கட்டில், கொல்லையைப் பார்த்த சாமான் அறையில், கூடை கூடையாகக் கிடந்த கத்தரிக்காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"உன் பொண்ணு பண்றதைப் பார்த்தியா?"

"யார் படம் எடுத்தா என்னடா? அவ இஷ்டப்படி விட்டுடேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சரி, அதிருக்கட்டும். நாளைக்கு முகூர்த்த சமயத்துல கூடத்துப் பக்கம் வந்துடாதே அம்மா. சம்பந்தி தேசிகன் மாமா ரொம்ப ஆசாரம் பார்க்கறவர்."

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள் ரங்கநாயகி. அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

அப்பா போனபோது வெங்கடராகவனுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து எது எப்படி நடக்க வேண்டும் என்று அந்த வீட்டில் சொல்கிறவன் அவன்தான். கன்னிகாதானத்துக்குச் சித்தப்பா பட்டாபிராமனையும் சித்தியையும் உட்கார வைப்பது என்று முடிவு செய்ததும் அவன்தான். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை, இன்று மத்தியானம் வரை.

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஓடினான்.

*

அர்ஜுனன் தபசுக்கு எதிரில் ஓலை இறக்கின ஒரு சாய்ப்பு. 'ஞானதாஸ் போட்டோ' என்று கையால் எழுதின பலகை. கதவில் பூட்டு.

பக்கத்தில் கிளிஞ்சல் மாலை விற்றுக்கொண்டிருந்த பெண்பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படம் எடுக்கணுமா? மாலை ஒண்ணு போட்டுக்கயேன். களையா இருக்கும்."

"ஞானதாஸ் எங்கே?"

"கடக்கரைக் கோயிலாண்ட கீறாரு. போயி பாரு. கறுப்புத் துணிக்குள்ள தலையை வுட்டுகினு ஒரு ஆளு இருப்பாரு."

இருந்தார். மூன்று கால் மேல் நின்ற பெட்டிக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கடியில், காக்கி அரைக்கால் சட்டையும் இரண்டு ஒல்லிக் கால்களும் மட்டும் தெரிந்தன. எதிரே வடநாட்டுக் குடும்பம் ஒன்று வரிசையாக நின்றிருந்தது.

"மிஸ்டர் ஞானதாஸ்!"

"அசையாதீங்க!" என்று துணிக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

வடநாட்டுக் குடும்பம் அசையவில்லை. வெங்கடராகவனும் தூக்கின காலைக் கீழே வைக்காமல் நின்றான். கிளிக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் காலை ஊன்றினான்.

துணியை விலக்கிக்கொண்டு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். உப்புக் காற்றில் விறைத்த தலைமயிர். யுத்த காலத்தில் பட்டாளத்துப் போட்டோக்காரர்களுக்குப் பெட்டி தூக்கப் போய், தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினவர்.

"சொல்லுங்க சார்." முகத்தை உற்றுப் பார்த்தார். "செங்கல்பட்டு டீச்சரம்மாவோட அண்ணன்தானே நீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"மூக்கு. அதே மூக்கு. எனக்குத் தொழிலே இதான்." சிரித்தார். "ஆளு வருவாங்க வருவாங்கன்னு வழி பாத்துகினு இருந்தேன் சார். ஒருத்தரும் வரல. சரி, வேற ஆளப் புடிச்சுட்டாங்கன்னு நாளிக்கு வேற வேல ஒத்துகினேன். மெட்ராஸ் கம்பெனி ஆளுங்க குடும்பத்தோட வராங்க."

"அவாளை விட்டுடுங்கோ."

"வாக்கு குடுத்துட்டேனே."

வெங்கடராகவன் குரலைத் தாழ்த்தினான். முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் இந்த ஆளிடம், சொல்லக் கூசியது. ஆனாலும் சொன்னான். "நீங்க வரலைன்னா அவ மணையில உட்கார மாட்டேங்கறா."

ஞானதாஸின் சிரிப்பு நின்றது. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே இருந்தது.

"அப்படியா சொல்லிச்சு?"

"அப்படித்தான்."

ஞானதாஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் மூன்று காலையும் மடக்கினார். பெட்டியைத் தோல் உறையில் தள்ளினார். திரும்பும் வழியில் கிளிஞ்சல்காரியைக் கடக்கும்போது கத்தினார்.

"பொன்னீ! நாளிக்குக் கம்பெனிக்காரங்க வந்தா எனக்கு ஜொரம்னு சொல்லிடு!"

"இன்னா ஜொரம்?"

"எதனா ஒண்ணு சொல்லு! நீயே பாத்து நல்ல ஜொரமா சொல்லு!"

வெங்கடராகவனுக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டாரே என்றுதான் சந்தேகம் கூடியது.

*

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. சவுக்குக் கட்டை ஏற்றின லாரி ஒன்று கிடைத்தது. கட்டைகளுக்கு மேல் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். காமிராப் பெட்டி ஞானதாஸின் மடியில் இருந்தது. திருக்கழுக்குன்றத்து மலைக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

வெங்கடராகவன் நேரடியாகவே கேட்டான்.

"என் தங்கையை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை இஸ்துகினு வந்தாங்க, போன தை மாசம். எல்லாரையும் யானைப் பாறையாண்ட நிக்க வச்சு ஒரு படம் எடுத்தேன். ஒரு பையன் கூட கண்ணு மூடல சார். டீச்சரம்மா ஒரு பார்வை பாத்தாங்க, அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்புறம் புள்ளைங்க பட்டாணி துண்ணப் பூட்டாங்க. டீச்சரம்மா தனியா வந்து என்னாண்ட ஒண்ணு கேட்டாங்க."

லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியது. இருவரும் ஒரு சாண் மேலே போய்க் கீழே வந்தார்கள்.

"என்ன கேட்டா?"

"அத்த நான் சொல்லக் கூடாது."

"நான் அவ அண்ணன்."

"அதனாலதான் சொல்லக் கூடாது. உங்களாண்ட சொல்ல வாணாம்னு சத்தியம் வாங்கிகினாங்க."

வெங்கடராகவன் அவர் சட்டையைப் பிடித்திருப்பான். கட்டை மேல் எழுந்து நிற்க முடியவில்லை.

"இதோ பாருங்கோ. எல்லப்பன்கிட்டயும் இதே விஷயத்தைக் கேட்டிருக்கா. அவர் வாயால சொல்லவே மாட்டேன்னு ஓடிட்டார். நீங்க சம்மதிச்சிருக்கேள். தப்புத்தண்டா ஏதாவது இருந்தா..."

"தப்பா?" ஞானதாஸ் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "அது தப்புன்னு உங்க ஜனங்க சொல்லுவாங்க சார். எனக்குப் படல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ எஸ்தருக்கு அடுத்த வருசம் பாக்கணும். அவ வந்து இத்த என்னாண்ட கேட்டிருந்தா, நான் தலை மேல வச்சுகினு செஞ்சிருப்பேன்."

வெங்கடராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மகள் கேட்டால் செய்கிற காரியமா? அப்படியானால் தான் நினைத்த அந்த விஷயம் இல்லை. பின் எந்த விஷயம்? நிம்மதி பாதியும் குழப்பம் பாதியுமாகச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தான்.

ரயில்வே கேட்டுக்கு அருகில் ஞானதாஸ் இறங்கிக்கொண்டார். அங்கே அவருடைய மச்சான் வீடு இருந்தது.

"காலைல கரெக்டா வந்துடுவேன். டீச்சரம்மாவாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. கொல்லைப்பக்கம் வெயில் எப்ப வருதுன்னு."

"முகூர்த்தம் கூடத்துலன்னா நடக்கப்போறது? கொல்லை எதுக்கு?"

"கேளுங்க சார். அவங்களுக்குத் தெரியும்."

கேட்டான். பெருந்தேவி யோசிக்கவே இல்லை. "ஊஞ்சல் ஆனதும் வரும். கிணத்து மேடை வரைக்கும் அடிக்கும்," என்றாள்.

*

காலையில் பட்டாபிராமன் சத்திரத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"யார் இது?"

"போட்டோ எடுக்கறவர், சித்தப்பா."

"எல்லப்பன் என்ன ஆனான்?"

"வரலை."

"உன் பேர் என்னப்பா?"

"ஞானதாஸ் சாமி."

"ஞானதாஸா? எந்த ஊர்? எந்தத் தெரு?"

ஞானதாஸ் சொன்னார். ஊருக்கு அப்பால் வயலைத் தாண்டி இருக்கிற தெருவின் பெயர். பட்டாபிராமன் பூணூலை இழுத்து விட்டுக்கொண்டார். வெங்கடராகவனைத் தனியே தள்ளிக்கொண்டு போவதாக நினைத்து, ஞானதாஸுக்கு நன்றாகக் காதில் விழும் தூரத்தில் நின்று பேசினார்.

"ஏன்டா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஹோமம் நடக்கற இடத்துல இவனை விடறதாவது! சம்பந்தி என்ன நினைப்பார்?"

வெங்கடராகவனுக்கு முகம் சுண்டியது. நேற்று கட்டை லாரியில் சொந்த மகள் பெயரைச் சொல்லிப் பேசின மனிதர். என்ன பதில் சொல்வது என்று அவன் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ஞானதாஸ் குறுக்கிட்டார்.

"சாமி, எனக்குக் கூடமே வாணாம். கொல்லைப்பக்கம் போதும். தாலி கட்டும்போது ஜன்னலாண்ட நின்னு எடுத்துக்கறேன்."

பட்டாபிராமன் ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். எதிராளி இப்படி முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "சரி, போ. சுத்திண்டு போ," என்றார்.

மாலை மாற்றினார்கள். ஊஞ்சல் ஆடினார்கள். கண்ணேறு கழியப் பச்சைப்பிடி சுற்றிப் போட்டார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கறுப்புத் துணி எழுந்து எழுந்து இறங்கியது; கிளிக் சத்தம்தான் இன்னும் கேட்கவில்லை. பெருந்தேவி ஊஞ்சலில் இருந்தபடியே ஒருதரம் ஜன்னல் பக்கம் பார்த்ததை வெங்கடராகவன் கவனித்தான். அங்கிருந்து ஞானதாஸ் லேசாகத் தலையசைத்தார்.

ஊஞ்சல் முடிந்தது. ஞானதாஸ் ஜன்னலருகே அவனைக் கூப்பிட்டார்.

"சார், திருமாங்கல்யத்தை மட்டும் தனியா ஒரு படம் எடுக்கணும். மணப்பொண்ணு கையில தட்டைப் புடிச்சுகினு நிக்கணும். கூடத்துல இருட்டா கீது. கொல்லைக்கு எடுத்தாங்க."

"என்னது!" பட்டாபிராமன் பாய்ந்து வந்தார். "தட்டு இன்னும் சபையையே சுத்தி வரலை. பெரியவா தொட்டு ஆசீர்வாதம் பண்றதுக்கு முன்னாடி கொல்லைக்குப் போறதாவது!"

அப்போது உதவி வேறு திக்கிலிருந்து வந்தது. படாளத்துச் சம்பந்தி தேசிகன், இரண்டாவது டம்ளர் காபியோடு எழுந்து வந்தார்.

"திருமாங்கல்யத்தைத் தனியா ஒரு போட்டோவா? பேஷ்! எங்க பக்கத்துல யாருமே எடுத்ததில்லை. கூடத்துல மாட்டலாமே! எடுக்கட்டும் சுவாமி, எடுக்கட்டும். சட்டுனு எடுத்துண்டு வந்துடட்டும்."

சம்பந்தி சொன்ன பிறகு அப்பீல் ஏது? பட்டாபிராமன் ஒதுங்கி வழிவிட்டார்.

*

கொல்லையில் வெயில் கிணற்று மேடை வரை வந்திருந்தது.

காமிரா ஏற்கெனவே பக்கவாட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. பெருந்தேவி தட்டோடு போய்க் கிணற்று மேடையருகே நின்றாள். மஞ்சள் சரடு, அதில் கோத்த திருமாங்கல்யம், பக்கத்தில் தேங்காய், பூ. மண்ணில் கரியால் கோடு கிழித்து வைத்திருந்தார் ஞானதாஸ். அந்தக் கோட்டில்தான் அவள் நின்றாள். யாரும் சொல்லாமலே நின்றாள்.

"சார், வெள்ளை வேட்டி ஒண்ணு வேணும். கட்டிகினு கீறதை அவுத்துடாதீங்க, வேற."

உள்ளே ஓடிப் புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இங்க நில்லுங்க. வாசப்படிக்கு முன்னால. முதுகு வூட்டுப் பக்கம் இருக்கட்டும். வேட்டியை அகலமா விரிச்சு, தலைக்கு மேல தூக்கிப் புடிங்க. வெயில் அது மேல பட்டுத் திரும்பி முகத்துல வுழணும்."

"திருமாங்கல்யத்துக்கு ஏது முகம்?"

ஞானதாஸ் காதில் விழாதவர்போல் போய்விட்டார்.

வெங்கடராகவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தான். கண்ணுக்கு எதிரே வெறும் வெள்ளை. அவன் அகலமும் வேட்டியின் அகலமும் சேர்ந்து வாசற்படியை முழுக்க அடைத்திருந்தன. வீட்டுக்குள்ளிருந்து யார் எட்டிப் பார்த்தாலும் அவன் முதுகுதான் தெரியும். அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

வேட்டியின் மறுபக்கம் வெயில் அடித்தது. இந்தப் பக்கத்தில் நிழல் தெரிந்தது.

பெருந்தேவியின் நிழல். நேரான முதுகு, பூ தைத்த ஜடை, முன்னால் நீட்டின தட்டு.

சாமான் அறைக் கதவு கிரீச்சிட்டது. இன்னொரு நிழல் வந்தது. குட்டையானது. கொஞ்சம் வளைந்தது. அதற்கு ஜடை இல்லை. தலையைச் சுற்றி முக்காடு இருந்தது.

அந்த முக்காட்டைப் பதினாறு வயதிலிருந்து அவனுக்குத் தெரியும்.

"வேண்டாண்டி பெருந்தேவி." அம்மா கிசுகிசுத்தாள். "சொன்னா கேளு. நான் போறேன்."

"ஒரு நிமிஷம்மா. தொடு. போதும்."

"நான் தொட்டா உனக்கு ஆகாதுடி."

"நீ பெத்து வளர்த்தப்போ ஆச்சா?"

"ராகவன் பார்த்துட்டான்னா?"

"அண்ணாவுக்கு ஒண்ணும் தெரியாது. வேட்டியைப் பிடிச்சுண்டு நிக்கறான்."

"எனக்கு ஊரைப் பத்திக்கூட இல்லை. அவனை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

வேட்டி சரிந்தது.

"சார், எறங்குது, எறங்குது! தூக்குங்க!" என்றார் ஞானதாஸ்.

அதே சமயம் அவனுக்குப் பின்னால் நடை அதிர்ந்தது. பட்டாபிராமன்.

"ராகவா! எவ்வளவு நேரம்டா? புரோகிதர் அங்கே கத்திண்டிருக்கார்!"

இன்னும் நாலு தப்படி வைத்தால் வாசற்படி. அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் போதும். கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தேசிகன் இரண்டாவது டம்ளர் காபியை அப்படியே வைத்துவிட்டுப் படாளத்துக்கு வண்டி கட்டச் சொல்வார். ஒதுங்கி நின்று, 'பாருங்கோ சித்தப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லிவிடலாம். அது நிஜமும்கூட.

"அங்கேயே நில்லுங்கோ!" என்றான் வெங்கடராகவன். தாலுகா ஆபீசில் ஜமாபந்தி சமயத்தில் கூட்டத்தை அதட்டுகிற குரல் அது. "ஒரு அடி எடுத்து வைக்காதேங்கோ சித்தப்பா. நிழல் விழுந்தா படம் கெட்டுடும். மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும்."

"என்னடா பெரிய படம்! வேட்டியைத் தூக்கிண்டு பெருமாள் சந்நிதித் திரை மாதிரி நிக்கறே!"

"சம்பந்தி கேட்ட படம். நீங்க போய்ப் புரோகிதர்கிட்டச் சொல்லுங்கோ. இதோ வந்துட்டோம்."

"போட்டோப் பைத்தியம் பிடிச்ச குடும்பம்," என்று முனகிக்கொண்டே நடை திரும்பிப் போயிற்று.

முக்காட்டு நிழல் கதவை நோக்கி ஓரடி பின்வாங்கி அப்படியே நின்றது.

வெங்கடராகவன் கைகளை இன்னும் உயர்த்தினான். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. எதிரே இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துப் பேசினான்.

"அம்மா."

வேட்டியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"கை கடுக்கறதும்மா. சீக்கிரம் தொடு."

பெருந்தேவியின் வளையல் ஒருதரம் சிணுங்கியது. தட்டு ஏந்தின நிழல் அப்படியே நின்றது. முக்காட்டு நிழல் தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. அதிலிருந்து ஒரு கை எழுந்தது, தட்டின் மேல் இறங்கியது. உடனே எடுத்துவிடவில்லை. அங்கேயே இருந்தது.

"அசையாதீங்க," என்றார் ஞானதாஸ், மிக மெதுவாக.

கிளிக்.

சாமான் அறைக் கதவு மறுபடி கிரீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. பெருந்தேவி தட்டோடு அவனைக் கடந்து உள்ளே போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. போகிற போக்கில் முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்துவிட்டுப் போனாள். சின்ன வயதில் அப்படித்தான் இடிப்பாள்.

கூடத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. வெங்கடராகவன் வேட்டியை மடிக்க ஆரம்பித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தான்.

"ஞானதாஸ்."

"சார்."

"தை மாசம் அவ என்ன கேட்டாள்னு இப்பவாவது சொல்லலாமா?"

ஞானதாஸ் பிளேட்டை உறையில் செருகி மூடினார்.

"'கல்யாணத்துல மொத படம் எங்க அம்மாதான். சபை தொடறதுக்கு மின்ன அவங்க கைதான் தாலி மேல படணும். அத்த எடுப்பீங்களா?'ன்னு கேட்டாங்க. எல்லப்பனாண்டயும் மெட்ராஸ்ல ஒரு ஸ்டூடியோவாண்டயும் இத்தயேதான் கேட்டிருக்காங்க. தாலி அறுத்த கை மொதல் பிளேட்டுல வுழுந்தா அந்தக் காமிரா அப்புறம் வெளங்காது, முடியாதுன்னுட்டாங்களாம் சார், ரெண்டு பேரும்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"அந்த எடத்துல வெயில் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு கேட்டேன்."